குதிரையின் கழுத்தும் கத்தியில்லா வைத்தியமும்

(மணவூரில் குதிரை வளர்ப்போர் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



பின்வரிசையில் இருக்கும் குதிரைக்காரர்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள். இன்றைய பேச்சு உங்களுக்கானது.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றுதான். குதிரைக்குக் கழுத்து மூட்டு பிசகினால் என்ன செய்வது? கத்தி வைக்காமல் அதைச் சரிப்படுத்த முடியுமா? முடியும் என்றால் யார் செய்வது, எப்படிச் செய்வது, எத்தனை மாதம் ஆகும்? அத்தனை மாதமும் அந்தக் குதிரைக்கும் அதை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் சோறு போடுவது யார்? வைத்தியம் பேச வந்தவன் சோற்றுக் கணக்கை ஏன் இழுக்கிறான் என்று நினைக்காதீர்கள். இந்த நோயில் வைத்தியமும் சோறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இதைப் பேச மணவூரைவிடப் பொருத்தமான ஊர் எது? பழைய தொண்டை மண்டலம் இருபத்து நான்கு கோட்டங்களாகப் பிரிந்திருந்தது. அதில் ஒன்று மணவிற்கோட்டம். முதற்குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாக இருந்து, சிதம்பரத்தில் அத்தனை திருப்பணிகள் செய்த நரலோகவீரன் மணவிற்கூத்தன் காலிங்கராயன் இந்த மண்ணுக்காரன். குதிரைப்படையோடு கலிங்கம் வரைக்கும் போய்வந்த காலம் அது. அந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன? கடல் தாண்டி வந்தன. அதற்கு முன்பே காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு கொடுமையை எழுதி வைத்தான். அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்றான். ஏன்? பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. தெரிந்தவர்களை வணிகர்கள் வரவிடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!

நண்பர்களே, எழுநூறு ஆண்டுக்கு முந்தைய செய்தி இது. வேறு பல நோய்களில் நாம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். கழுத்து பிசகிய குதிரை விஷயத்தில் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறோம் என்பது என் மனக்குறை.

முதலில் கழுத்தைப் பார்ப்போம். குதிரையின் கழுத்து எவ்வளவு நீளம்! ஆனால் அதற்குள் இருக்கும் எலும்புகள் ஏழுதான். நமக்கும் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு. தலையோட்டைத் தாங்குவது முதல் எலும்பு, அட்லஸ் என்பார்கள். காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினால் இருபுறமும் இறக்கை மாதிரி தட்டுப்படுமே, அதுதான். அடுத்தது ஆக்சிஸ். அதன் முன்முனையில் பல் போல ஒரு முளை நீண்டு அட்லஸின் வளையத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. குதிரை தலையை மேலும் கீழும் ஆட்டுவது தலையோட்டுக்கும் அட்லசுக்கும் நடுவில். தலையை இடமும் வலமும் திருகுவது பெரும்பாலும் அட்லசுக்கும் ஆக்சிசுக்கும் நடுவில். இந்த எலும்புகளின் நடுவே ஓடுகிறது தண்டுவடம். கால் அசைவதும் மூச்சு இழுப்பதும் அதன் வழியாக மூளையிலிருந்து போகும் கட்டளையால்தான்.

தலையும் கழுத்தும் சேர்ந்தால் குதிரையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. முந்நூறு கிலோ குதிரைக்கு முப்பது கிலோ. ஒரு சிப்பம் அரிசியைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே ஓடுவதை நினைத்துப் பாருங்கள். குதிரை அதைத்தான் வாழ்நாளெல்லாம் செய்கிறது.

அப்படிப்பட்ட மூட்டு எப்போது பிசகுகிறது? பின்னங்காலில் எழும்பி மல்லாந்து விழும்போது. ரேக்ளா ஓட்டத்தில் வண்டியோடு குப்புறக் கவிழும்போது. முன்னங்கால்களைக் கட்டி மேயவிட்ட குதிரை பள்ளத்தில் தடுக்கித் தலைகீழாகப் போகும்போது. குட்டியானை வண்டியில் ஏற்றி, தலைக்கயிற்றைக் கம்பியோடு ஒட்டக் கட்டி, ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடும்போது. இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது ஒன்றுக்கு: கட்டிப்போட்ட குதிரை மிரண்டு பின்னுக்கு இழுப்பது. கயிறு அறாது, கம்பமும் சாயாது. பிறகு எது விட்டுக்கொடுக்கும்? கழுத்துதான். குட்டிகளுக்கு இது இன்னும் ஆபத்து. அவற்றின் ஆக்சிஸ் எலும்பின் முளை முழுதாக இறுகியிருக்காது. ஒரே இழுப்பில் முறிந்து மூட்டு விலகிவிடும்.

ஒரு பெண்குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் வெள்ளைக் குதிரை. மண்டப வாசலில் விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். சரவெடி வெடித்தது. மிரண்டு இழுத்தது, எழும்பியது, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது, உடனே எழுந்தும் விட்டது. எழுந்துவிட்டதே, ஒன்றுமில்லை என்று அன்றைக்கு ஊர்வலத்தையும் நடத்திவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் வித்தியாசம் தெரிந்தது. தொட்டி தரையில் இருந்தது. குதிரை தலையைத் தாழ்த்தவில்லை. தொட்டியை மோந்து பார்க்கத் தவித்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் அகல விரித்து, உடம்பையே இறக்கி, கழுத்தை வளைக்காமல் வாயைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்தது. நான் பக்கத்தில் நின்று கொஞ்சம் அருகம்புல்லைத் தோள் பக்கமாக நீட்டினேன். நல்ல குதிரை கழுத்தைத் திருப்பி வாங்கும். இது கழுத்தைத் திருப்பாமல், நான்கு காலையும் எடுத்துவைத்து முழு உடம்போடு சுற்றி வந்து வாங்கியது. காதுக்குப் பின்னால் ஒரு பக்கம் மேடு தட்டியிருந்தது. நடக்கவிட்டால் பின்னங்கால்கள் குடித்தவன் கால் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று மாட்டின.

இந்த அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து விறைப்பு. தரைத் தீனியை எடுக்கக் காலை விரிப்பது. காதின் பின்னால் மேடு. தலையை அசைக்கும்போது சில குதிரைகளில் கேட்கும் ‘கிளிக்’ என்ற சத்தம். நடையில் தள்ளாட்டம். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலும் அந்தக் குதிரைக்கு அன்றைய வேலை முடிந்தது.

அப்புறம் என்ன நடந்தது? நம் ஊரில் வழக்கமாக என்ன நடக்கும்? “சுளுக்குதாங்க, வழிச்சு விட்டா சரியாயிடும்” என்று ஒருவர் வருவார். நல்ல மனத்தோடுதான் வருவார். விளக்கெண்ணெய் வரும். இரண்டு பேர் உடம்பைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தலையைப் பிடித்துச் சட்டென்று திருகுவார்.

ஐயா, அம்மா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தத் திருகலை மட்டும் விட்டுவிடுங்கள்!

நம் பக்கத்து மக்களுக்குக் கட்டு வைத்தியத்தில் நம்பிக்கை அதிகம். அதற்குக் காரணமும் இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா ரயில் ஏறினால் திருத்தணி, நகரி தாண்டிப் புத்தூர். புத்தூர் கட்டு என்றால் தமிழ்நாடு முழுவதும் தெரியும். முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணி, பச்சிலை, மூங்கில் பத்தை, கத்தி கிடையாது. அந்த வைத்தியம் பிறந்த கதையே ஒரு பிராணியிடமிருந்து தொடங்குகிறது. வேட்டையில் அடிபட்ட முயலின் கால் பச்சிலையால் கூடியதைக் கண்டு ராஜு குடும்பத்தார் 1881-இல் தொடங்கினார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கை எலும்பு, கால் எலும்பு கூடியவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். நான் அந்த வைத்தியத்தை மதிக்கிறேன். அதில் இருக்கும் பெரிய உண்மையையும் மதிக்கிறேன்: அசையாமல் வைத்தால் உடம்பு தன்னைத் தானே கூட்டிக்கொள்ளும். ஆனால் காலுக்குள் தண்டுவடம் ஓடவில்லை. கழுத்துக்குள் ஓடுகிறது. கால் மூட்டைப் பார்க்காமல் இழுத்துத் தவறினால் குதிரை நொண்டும். கழுத்து மூட்டைப் பார்க்காமல் இழுத்துத் தவறினால் அதே இடத்தில் மூச்சு நின்றுவிடும்.

அப்படியானால் கத்தியா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் பாக்பி என்ற எலும்பு மருத்துவர், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்களோடு சேர்ந்து, 1970-களின் கடைசியில் குதிரையின் கழுத்தெலும்புகளுக்கு நடுவே துளைகள் நிறைந்த எஃகுக் கூடை ஒன்றை வைத்து அவற்றை ஒன்றாக இணைத்தார். தள்ளாட்ட நோய் கண்ட குதிரைகளுக்காகத் தொடங்கியது அது. அந்தக் கூடையின் வழியில் வந்ததைத்தான் பிறகு மனிதர்களின் முதுகெலும்பிலும் வைத்தார்கள். நம்மில் ஒருவர் முதுகுத் தட்டு விலகிச் சென்னையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நிமிர்ந்து நடக்கிறார் என்றால், அதற்கு எங்கோ ஒரு குதிரையின் கழுத்தும் காரணம்! 1977-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற சியாட்டில் ஸ்லூ என்ற குதிரைக்கு 2000-இலும் 2002-இலும் கழுத்தில் இப்படி அறுவைச் சிகிச்சை செய்தார்கள்.

அது கோடிக்கணக்கில் மதிப்புள்ள குதிரை. நம்முடையது வண்டிக் குதிரை, கல்யாணக் குதிரை, அந்தியூர்ச் சந்தையில் ஆடி மாதத்தில் கடன் வாங்கிப் பிடித்துவந்த குதிரை. ஆனால் பணம் மட்டும் காரணமில்லை. குதிரைக்கு அறுவை முடிந்த பிறகு ஒரு கண்டம் இருக்கிறது. மயக்கம் தெளிந்ததும் மனிதன் படுக்கையில் கிடப்பான். குதிரை கிடக்காது. கண் திறந்ததும் துள்ளி எழப் பார்க்கும், தடுமாறும், விழும். தைத்த கழுத்தோடு விழுந்தால் எல்லாம் பாழ். ஆகவே, கத்தியில்லா வைத்தியம் ஏழைக்கென்று ஒதுக்கிய இரண்டாந்தர வைத்தியம் என்று எண்ணிவிடாதீர்கள். மூட்டு பாதி நழுவி, குதிரை தன் காலில் நிற்கிறது என்றால், பல நேரங்களில் அதுவே முதல்தர வைத்தியம்.

அது எப்படி நடக்கிறது?

முதல் ஒரு மணி நேரம் மருத்துவர் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. குதிரை நின்றால் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். விழுந்து கிடந்தால் கயிறு போட்டு இழுத்து எழுப்பாதீர்கள். சாட்டையைத் தொடவே தொடாதீர்கள். கடிவாளத்தைக் கழற்றுங்கள். கண்ணை ஒரு துணியால் மூடினால் மிரட்சி குறையும். விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிதானமாக இருக்கும் குதிரை நிமிடத்துக்கு எட்டிலிருந்து பதினாறு முறை மூச்சு விடும். எண்ணிய கணக்கை மருத்துவரிடம் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வலிக்கும் பதற்றத்துக்கும் ஊசி போட்ட பிறகுதான் குதிரையை வண்டியில் ஏற்ற வேண்டும்.

எங்கே கொண்டுபோவது? மணவூருக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. கிழக்கே வேப்பேரி. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு வந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான். வடக்கே திருப்பதி. 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. பெரிய பிராணிகளைப் பார்க்கும் இடங்கள் அவை. எக்ஸ்ரே எடுக்காமல் கழுத்தில் கை வைக்கக்கூடாது. எந்த மூட்டு, எவ்வளவு விலகியிருக்கிறது, எலும்பு முறிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தபிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

பார்த்தபின் இரண்டு வழி. ஒன்று, மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திருப்பி உட்கார வைப்பது. குதிரையைக் கனத்த மெத்தையில் பக்கவாட்டில் படுக்கவைத்து, உடம்பை அசையாமல் கட்டி, தலையைக் கழுத்தின் நேர்க்கோட்டில் மெதுவாக, சீராக இழுப்பார்கள். விறைத்திருந்த தசை மயக்கத்தில் தளர்ந்திருக்கும். ஒருவர் உள்ளங்கையால் அட்லஸ் எலும்பை அழுத்தி வழிகாட்டுவார். திருகல் இல்லை, வெடுக்கென்ற இழுப்பு இல்லை. நடுநடுவே எக்ஸ்ரே. மூட்டு உட்கார்ந்ததும் மறுபடி எக்ஸ்ரே. 2002-இல் வெட்டரினரி ரெக்கார்டு என்ற ஆங்கில இதழில் ஒரு குட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்குத் தலையோட்டு மூட்டும் அட்லஸ், ஆக்சிஸ் மூட்டும் இரண்டுமே விலகியிருந்தன. கத்தி வைக்காமல் இரண்டையும் திருப்பி உட்கார வைத்தார்கள். முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் நாள் கடத்தினால் தசை இறுகிவிடும், தழும்பு வளர்ந்துவிடும், அப்புறம் திரும்பாது. “அமாவாசை கழியட்டும், பார்க்கலாம்” என்பது இதில் ஆகாது.

இரண்டாவது வழி, திருப்பாமலே விடுவது. விலகல் கொஞ்சமாக இருந்து, தண்டுவடம் பெரிதாக நசுங்காமல், குதிரை நின்று நடந்தால், அந்த நிலையிலேயே மூட்டு இறுக விட்டுவிடலாம். அட்லஸ் இருக்கும் இடத்தில் தண்டுவடத்தைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமான இடம் உண்டு. அந்த இடம்தான் பல குதிரைகளைக் காப்பாற்றுகிறது. நான் சொன்ன வெள்ளைக் குதிரைக்கு இந்த வழியைத்தான் எடுத்தோம்.

எந்த வழி எடுத்தாலும் அதற்குப் பிறகு மருந்து ஒன்றுதான். ஓய்வு. குதிரை சுற்றி ஓட இடமில்லாத சின்ன லாயம். கீழே முழங்கால் உயரத்துக்கு வைக்கோல். தலைக்கயிறு கட்டக்கூடாது. தீனியும் தண்ணீரும் மார்பு உயரத்தில். அந்த வெள்ளைக் குதிரைக்கு இரண்டு தகர டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் தொட்டியை வைத்தோம். குதிரைமசாலைப் பொடியாக நறுக்கி, கொள்ளை நன்றாக ஊறவைத்து, தவிட்டில் பிசைந்து கொடுத்தார் அதன் சொந்தக்காரர். குட்டியாக இருந்தால் கழுத்துக்கு மெத்தை வைத்துக் கட்டு போடலாம். பெரிய குதிரைக்குக் கட்டு அவ்வளவாக நிற்காது. வீக்கம் குறைய ஊசி, வலிக்கு மருந்து. ஆனால் வலி முழுவதும் போகும் அளவுக்கு வேண்டாம், வலி இல்லாவிட்டால் குதிரை துள்ளும். இரண்டு மாதத்துக்குக் குறையாமல் இந்தச் சிறைவாசம். பிறகு கையில் பிடித்து நாளுக்குக் கொஞ்சமாக நடை. நரம்பு தேற ஆறு மாதமும் ஆகும், ஓராண்டும் ஆகும்.

எழ முடியாமல் கிடக்கும் குதிரையின் கதை வேறு. சில மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் போட வேண்டும், புண் வராமல் பார்க்க வேண்டும், வயிறும் மூத்திரமும் கட்டாமல் கவனிக்க வேண்டும். நாள்கள் போய்த் தேற்றமே இல்லை, மூச்சுத் திணறுகிறது என்றால், அதை வலியில்லாமல் அனுப்பிவைப்பதும் மருத்துவரின் கடமை. அதை மறைத்து நம்பிக்கை விற்க நான் வரவில்லை.

இப்போது சோற்றுக் கணக்கு. அந்தச் சொந்தக்காரருக்கு வைகாசி முகூர்த்தம் போனது. ஆவணி போனது. தை வந்தபோது குதிரை நேராக நடந்தது. ஆனால் யாரையும் சுமக்கக்கூடாது என்று சொன்னேன். அவர் வீட்டம்மாவின் வளையல் அதற்குள் அடகுக் கடைக்குப் போயிருந்தது. குதிரைக்கு நான் எழுதிக் கொடுத்த மருந்தில் மிக விலை உயர்ந்தது எது தெரியுமா? “ஆறு மாதம் வேலை கூடாது” என்ற ஒரு வரி. அதை எந்த மருந்துக் கடையிலும் வாங்க முடியாது. அந்த வரிக்குப் பயந்துதான் நம் ஆள்கள் சுளுக்கு வழிப்பவரிடம் போகிறார்கள். “மூன்றே நாளில் வண்டியில் பூட்டலாம்” என்று அவர் சொல்கிறார். நான் ஆறு மாதம் என்கிறேன். வயிற்றுப்பாடு பார்ப்பவன் யாரை நம்புவான்? அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1965-இல் வந்த இழுவைப் பிராணிகள் விதியில், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பூட்டக்கூடாது, இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அடிபட்ட குதிரை லாயத்தில் நிற்கும் மாதங்களுக்குத் தீனிக்கு என்ன வழி? அதை நாம்தான் செய்ய வேண்டும். பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இந்த வட்டாரத்துக் குதிரைக்காரர்கள் மாதம் ஒரு தொகை சேர்த்து ஒரு தீனி நிதி வையுங்கள். ஏரிக்கரை ஓரம் சின்னதாக ஒரு கொட்டகை, இரண்டு குதிரை நிற்கும் இடம் போதும். குதிரைமசால் போட ஒரு துண்டு நிலம். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களே, ஊர்வலத்துக்குக் குதிரை கேட்கிறீர்கள், அந்தக் குதிரை நிற்கிற இடத்தில் வெடி வைக்காதீர்கள். கோயில் விழாக் குழுவினரே, உங்களுக்கும் இதே வேண்டுகோள்.

அந்த வெள்ளைக் குதிரை இப்போது என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். ஆளைச் சுமப்பதில்லை. கழுத்து ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கிறது. குட்டி போட்டது, அந்தக் குட்டியால் அடகு மீண்டது.

கடைசியாக ஒரு செய்தி, செலவில்லாதது. குதிரையைக் கட்டும்போது அதன் தோள் உயரத்தில் கட்டுங்கள். கீழே கட்டினால் கால் மாட்டும். கடிவாளத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். கம்பத்தில் நேராகக் கட்டாமல், முதலில் சணல் நூலில் ஒரு சின்ன வளையம் போட்டு, அந்த வளையத்தில் தலைக்கயிற்றைக் கட்டுங்கள். குதிரை மிரண்டு இழுத்தால் நூல் அறும், கழுத்து பிழைக்கும். முடிச்சு உருவு முடிச்சாக இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது எளிது. மேடைக்குக் கீழே கயிறும் சணலும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். குதிரை வைத்திருப்பவர்களும், குதிரையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளும் இப்போதே வாருங்கள், ஒவ்வொருவரும் கையால் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். தீனி நிதிக்குப் பெயர் கொடுப்பவர்கள் அவைத்தலைவரிடம் கொடுங்கள்.